ஒரு பிடி லத்தியும் ஒரு யானையின் நலமும்

யானைக் கணக்கெடுப்பு முடிந்ததும் வனத்துறை ஓர் எண்ணை அறிவிக்கும். சென்ற முறையைவிடக் கூடியிருந்தால் செய்தித்தாள்கள் மகிழும். குறைந்திருந்தால் தலையங்கம் எழுதும். அந்த எண்ணில் ஒன்றாக இருக்கும் யானை பசியோடு வாழ்கிறதா, புண்ணோடு வாழ்கிறதா, நிம்மதியாக வாழ்கிறதா என்பது அறிக்கையில் எங்கும் வராது. வர வேண்டிய கட்டாயமும் இல்லை. காட்டுயிர்ப் பாதுகாப்பு பார்ப்பது இனத்தை. பத்து யானைகள் மெலிந்து செத்தாலும் பதினோரு குட்டிகள் பிறந்து பிழைத்தால் அதன் கணக்கு நேராகிவிடும்.

காட்டு விலங்கு நல அறிவியல் அந்த ஒற்றை யானையைப் பற்றித்தான் கேட்கிறது. விலங்கு நலம் என்ற ஆய்வு நெடுங்காலம் கோழிப்பண்ணையிலும் ஆய்வுக்கூட எலியிலும் மிருகக்காட்சிசாலையிலுமே நின்றிருந்தது. அடைத்து வைத்தவன்தான் பொறுப்பாளி, காட்டில் திரிவது தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற நியாயம் அதற்குப் பின்னால் இருந்தது. மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய பொருளியலாளர் யூ குவாங் இங் 1995-இல் ஒரு கட்டுரையில் ‘நல உயிரியல்’ என்று ஒரு துறை வேண்டும் என்றார். காட்டிலுள்ள உயிர்களுக்கும் இன்ப துன்பம் உண்டென்றால் அதையும் அளந்து ஆராய வேண்டும் என்பது அவர் வாதம். கால் நூற்றாண்டுக்குப் பிறகு அந்த வேலையைச் செய்ய ஆட்களும், கொஞ்சம் நிதியும், சில கருவிகளும் வந்திருக்கின்றன. கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது லத்தி.

சிரிக்க வேண்டாம். யானையைத் தொடாமல், மயக்க ஊசி போடாமல், அது பார்க்காத நேரத்தில் அதன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள இதைவிட நாகரிகமான வழி கிடையாது. அச்சமோ பசியோ காயமோ உடலை நெருக்கும்போது அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் வகை ஹார்மோன்களை இரத்தத்தில் விடுகிறது. ஈரல் அவற்றைச் சிதைத்துப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது. சிதைந்த மிச்சம் லத்தியில் வருகிறது. யானையின் குடலைக் கடந்து வர ஒரு நாளுக்கு மேல் ஆவதால், இன்று காலையில் விழுந்த லத்தி சொல்வது பழைய கதை. அந்தக் கணத்துப் பதற்றத்தை அல்ல, சென்ற நாளின் சராசரியை. இரத்தம் எடுக்கப் போனால் எடுக்கும் செயலே யானையை மிரட்டிவிடும், மிரட்சியைத்தான் அளந்துகொண்டு வருவோம். லத்தியில் அந்தச் சிக்கல் இல்லை.

வேலை என்னவோ சொகுசானதல்ல. ஆய்வாளர் வேட்டைத் தடுப்புக் காவலரோடு நடந்து, கூட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்து, எந்த யானை போட்டது என்று குறித்துக்கொண்டு, அவை நகர்ந்த பிறகுதான் பக்கத்தில் போக முடியும். ஆறிப்போனது உதவாது, கிருமிகள் ஹார்மோன் மிச்சத்தைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே இருக்கும், மழை கரைத்துவிடும். எடுத்ததை உடனே குளிரில் வைக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் உலர்த்தி, ஆல்கஹாலில் பிரித்தெடுத்து, அளவிட்டு, அந்தச் சோதனை யானைக்குப் பொருந்துமா என்பதையும் தனியே மெய்ப்பிக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது ஓர் எண்.

அந்த எண் பேசும் என்பதற்குத் தென்னிந்தியக் காடுகளிலேயே சான்று உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சஞ்சீதா போக்ரேல், ராமன் சுகுமார் முதலியோர் யானைகளின் உடல்வாகைக் கண்ணால் மதிப்பிட்டார்கள். விலா எலும்பு தெரிகிறதா, முதுகுத்தண்டு துருத்துகிறதா, இடுப்புப் பக்கம் குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் தரும் முறை அது. அதே யானைகளின் லத்தியையும் அளந்தார்கள். 2017-இல் வெளியான முடிவு: கோடையில் யானைகள் மெலிகின்றன, மெலிந்தவற்றில் ஹார்மோன் அளவு உயர்கிறது. கண்ணும் ஆய்வுக்கூடமும் ஒன்றையே சொன்னதால் இரண்டின் மீதும் நம்பிக்கை கூடியது. எலும்பு தெரியும் யானை கஷ்டப்படுகிறது என்பது எந்தக் காட்டுவாசிக்கும் தெரியுமே என்று கேட்கலாம். தெரியும்தான். தெரிந்ததை அளக்க முடிந்தால்தான் தெரியாததை அதே கோலால் அளக்கத் துணியலாம்.

துணிந்தார்கள். அதே குழுவின் அடுத்த ஆய்வு பயிர் மேயும் யானைகளைப் பற்றியது. தோட்டமும் வயலும் ஊருமாக இருக்கும் நிலத்தில், பட்டாசுச் சத்தத்துக்கும் விரட்டலுக்கும் நடுவே திரியும் யானைக்கு மன உளைச்சல் அதிகம் இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். முடிவு தலைகீழாக வந்தது. காப்புக்காட்டு யானைகளைவிடப் பயிர் மேய்ந்தவற்றில் ஹார்மோன் குறைவு. அந்த நிலத்துத் தாவரம் பசுமையாகவும் சத்தாகவும் இருந்தது. நல்ல சாப்பாடு உளைச்சலைத் தணிக்கிறது போலும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இந்த முடிவை நான் இத்துறையின் சிறந்த பலன்களில் ஒன்றாக வைப்பேன். ஊருக்குள் வரும் யானை காட்டில் இடமில்லாமல் தவித்து வருகிறது என்று இரக்கத்தோடு சொல்கிற கதையும், அது திமிர் பிடித்து வருகிறது என்று கோபத்தோடு சொல்கிற கதையும் இதன் முன் தடுமாறுகின்றன. ஆனால் இந்த இடத்தில்தான் கருவியின் எல்லையும் தெரிகிறது. ஹார்மோன் குறைவாக இருக்கும் யானை நலமாக இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பின. வயிறு நிறைந்து, உடல் நிம்மதியாக, மறுநாள் மின்சாரம் பாய்ந்து சாகும் வாய்ப்போடு வாழ்வது எந்த வகை நலம்? லத்தியில் நேற்று இருக்கிறது, நாளை இல்லை. ஆயுளும் ஆபத்தும் இல்லாத நலக் கணக்கு பாதிக் கணக்குதான்.

இன்னொரு குறை உடலியலிலேயே இருக்கிறது. இந்த ஹார்மோன்கள் துன்பத்துக்கென்று தனியாகச் சுரப்பவை அல்ல. உடல் சக்தியைத் திரட்ட வேண்டிய எந்த நேரத்திலும் அவை ஏறும். துரத்தப்படும்போதும் ஏறும், இணை தேடும்போதும் ஏறும். சினையுற்ற பிடியில் ஓர் அளவு, மற்றதில் ஓர் அளவு. நெடுநாள் நெருக்கடியில் சில விலங்குகளில் அளவு உயர்வதற்குப் பதில் குறைந்தும் போகிறது. அப்படியிருக்க, எண்ணை மட்டும் பார்ப்பவர் நொந்துபோனதை நிம்மதியானதென்று எழுதிவிடக்கூடும். நல்ல ஆய்வாளர்களுக்கு இது தெரியும். கட்டுரையின் கடைசிப் பத்தியில் எழுதியும் வைப்பார்கள். கட்டுரை செய்தியாகும்போது முதலில் உதிர்வது அந்தப் பத்திதான்.

உடல் சொல்வதைத் தாண்டி மனநிலையை எட்டிப்பார்க்கும் முறைகளும் உண்டு. நியூசிலாந்தின் டேவிட் மெல்லர் வகுத்த ஐந்து களங்கள் என்ற சட்டகம் உணவு, சூழல், உடல்நலம், நடத்தை ஆகிய நான்கையும் பார்த்து ஐந்தாவதான மனநிலையை ஊகிக்கச் சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் திரியும் காட்டுக் குதிரைகளுக்கு அதைப் பத்துப் படிகளாகப் பொருத்திக் காட்டிய கட்டுரை 2020-இல் வந்தது. படித்தால் பொறாமை வரும் அளவுக்குக் கவனமான வேலை. குதிரையை இத்தனை நூற்றாண்டுகளாக நெருங்கி அறிந்திருக்கிறோம் என்பதும் அதற்கு உதவியது. நத்தைக்கும் நண்டுக்கும் அந்தப் பரிச்சயம் நம்மிடம் இல்லை. எலிகளின் மனச்சோர்வை அறிய, ஐயத்துக்கிடமான ஒரு சத்தத்தை அவை நல்லதாக எடுத்துக்கொள்கின்றனவா கெட்டதாகவா என்று பார்க்கும் சோதனை 2004 முதல் இருக்கிறது. ஆனால் அதற்கு விலங்கைப் பழக்க வேண்டும். பழக்கினால் அது காட்டு விலங்காக இருக்குமா என்பது வேறு பேச்சு.

ஆய்வாளரின் கை படுவதே காயமாகிவிடும் ஆபத்தையும் சொல்ல வேண்டும். பெங்குவின்களை அடையாளம் காண அவற்றின் துடுப்பில் உலோக வளையம் மாட்டுவது பல்லாண்டு வழக்கம். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் உள்ள குரோசே தீவுகளில் அரசப் பெங்குவின்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்த பிரெஞ்சுக் குழு, வளையமிட்டவற்றையும் வளையமில்லாதவற்றையும் ஒப்பிட்டது. 2011-இல் வந்த முடிவின்படி, வளையமிட்டவை 39 சதவீதம் குறைவாகக் குஞ்சு பொரித்தன. அவற்றின் பிழைப்பு விகிதம் 16 சதவீதப் புள்ளிகள் குறைவு. வளையமிட்ட பறவைகளை வைத்து எழுதிய பழைய முடிவுகளில் எவ்வளவு பெங்குவினைப் பற்றியது, எவ்வளவு வளையத்தைப் பற்றியது என்று பிரிக்க வேண்டிய நிலை வந்தது. இனத்தை மட்டும் எண்ணும் அறிவியல் இந்தக் கேள்வியை இத்தனை தாமதமாகக் கேட்டதில் வியப்பில்லை. நல அறிவியல் வேறெதற்கும் உதவாவிட்டாலும் சக ஆய்வாளர்களின் கருவிகளைச் சோதிக்கும் தணிக்கையாளராக இருந்தாலே போதும் என்று சில நேரம் தோன்றும்.

நல அறிவியலின் பேராசைகளைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல எண்ணம் இல்லை. இங் 1995-இலேயே ஒரு கணித வாதத்தையும் வைத்திருந்தார். பெரும்பாலான உயிர்கள் ஏராளமாகக் குஞ்சு பொரித்து, அவற்றில் மிகச் சிலவே பிழைப்பதால், இயற்கையில் துன்பமே இன்பத்தை மிஞ்சும் என்பது அது. பலர் இதை மெய்ப்பித்த உண்மை போல எடுத்தாண்டார்கள். 2019-இல் சாக் கிராஃப் என்பவரோடு சேர்ந்து இங் தாமே தன் பழைய வாதத்தில் பிழை இருப்பதைக் காட்டி, அந்த முடிவு அதிலிருந்து தானாக வந்துவிடாது என்று எழுதினார். ஒரு துறையின் மூலக்கட்டுரையை அதன் ஆசிரியரே திருத்துவது அரிது. அந்த நேர்மைக்குத் தலைவணங்கலாம். ஆனால் அதிலிருந்து கற்க வேண்டியதைத் துறை முழுதாகக் கற்றதா என்பது ஐயம். ஒரு கெண்டை மீன் இடும் இலட்சக்கணக்கான முட்டைகளிலிருந்து வரும் குஞ்சுகளுக்கு வலி தெரியுமா, எந்தப் பருவத்திலிருந்து தெரியும் என்பதற்கு விடை கிடைப்பதற்குள் உலகத் துன்பத்தைக் கூட்டிப் பார்க்கும் அவசரம் இன்னும் அங்கங்கே தலைகாட்டுகிறது. எல்லா உயிரும் கணக்கில் உண்டு என்று கொள்கை சொல்கிறது. லத்தி எடுக்கவும் இடங்காட்டும் கழுத்துப்பட்டை மாட்டவும் வசதியான பெரிய விலங்குகள் பக்கமே கைகள் போகின்றன. கொள்கைக்கும் கைக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியை ஆய்வாளர்கள் மறைப்பதில்லை. நிரப்பும் வழியும் அவர்களிடம் இல்லை.

ஆகவே சின்னக் கேள்விகள். இதைச் செய்தால் இந்த யானைக்கு நல்லதா, செய்யாமல் விட்டால் நல்லதா? பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் கூட்டாளிகளும் இலங்கையில் அப்படி ஒன்றைக் கேட்டார்கள். ஊரில் தொல்லை தரும் ஆண் யானைகளைப் பிடித்துத் தேசியப் பூங்காக்களில் விடும் வழக்கத்தை எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு யானைகள் பதினாறு முறை இடம் மாற்றப்பட்டதைக் கழுத்துப்பட்டைகள் மூலம் பின்தொடர்ந்தார்கள். சில பழைய இடத்துக்கே திரும்பின, சில எங்கெங்கோ அலைந்தன, சில மட்டும் விட்ட இடத்தின் பக்கம் தங்கின. மோதல் பரவியது, யானைச் சாவு கூடியது என்று 2012-இல் எழுதினார்கள். அது நல அறிவியல் என்ற பெயரில் செய்த ஆய்வல்ல. ஆனால் இத்துறைக்குத் தேவையான முன்மாதிரி அதுதான்.

அந்த முடிவு வந்து பத்து ஆண்டுகள் கடந்த பிறகு, 2023 ஏப்ரல் இறுதியில், இடுக்கி சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற ஆண் யானையைப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே மாதம் அது கம்பம் நகருக்குள் இறங்கியது. 144 தடையுத்தரவு போட வேண்டியதாயிற்று. ஜூனில் தமிழ்நாடு வனத்துறை மறுபடி மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தில் விட்டது. அதைக் கும்கியாக்கக் கூடாது என்று நீதிமன்றம் ஏறியவர்கள் அந்த ஒற்றை யானையின் மீது இரக்கம் கொண்டவர்கள்; அரிசிக்காகக் கடையையும் வீட்டையும் உடைத்த யானையோடு வாழ்ந்த சின்னக்கானல் மக்களுக்கும் அவர்கள் பக்க நியாயம் இருந்தது. இரு தரப்பும் யானைக்கு எது நல்லது என்று பேசின, யாரிடமும் அளவு ஒன்றும் இல்லை. பிடிப்பதற்கு முன் சில வாரம், விட்ட பிறகு ஓராண்டு லத்தியைச் சேகரித்து, உடல்வாகு மதிப்பெண்ணையும் நடமாட்டத்தையும் சேர்த்து வைத்து வெளியிட வேண்டும் என்பதை ஒவ்வோர் இடமாற்ற ஆணையிலும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். மயக்க ஊசிக்கும் லாரிக்கும் கும்கிகளுக்கும் காவலுக்கும் ஆகும் செலவோடு பார்த்தால் அதற்கு ஆவது அற்பம். அடுத்த யானையைப் பிடிப்பதா விடுவதா என்ற வழக்கைக் கேட்கும் நீதிபதியின் மேசையில் அப்போதாவது இரக்கத்தோடு ஒரு வரைபடமும் இருக்கும்.