பாட்டும் ஏடும்: பெரம்பலூர், அரியலூர் மாணவர்க்கு ஒரு சங்கீதப் பத்திரிகை

உ. வே. சாமிநாதையர் தமிழ் பயின்ற இடங்கள் யாவை என்று கேட்டால், மாயூரத்தையும் திருவாவடுதுறையையும் சொல்பவர்கள் அநேகர். அதற்கு முன்பே, அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் ஏடு பிரித்த அந்தப் பாலப்பருவத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் சிலரே. அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். உடையார்பாளையம் சமஸ்தானத்தில் விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் குருகுலவாசம் செய்தவர். தம் மகனும் சங்கீதத்தில் தேறவேண்டும் என்று விரும்பியவர். மகனுக்கோ தமிழின்மேல் தாகம் மூண்டது. ஆயினும் தந்தையின் வித்தை மகனை முற்றும் விட்டுவிடவில்லை. கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் என்னும் மூவருடைய சரித்திரங்களையும் பிற்காலத்தில் எழுதி வைத்தவர் அவரே. தம் வாழ்வை அவர் எழுதிய ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது, புத்தகமானது 1950இல்தான். இந்தச் சீமையின் சங்கீத வாழ்வைப் பற்றித் தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகச் சிறந்த சித்திரம், ஒரு வாரப் பத்திரிகையின் வழியாகவே வாசகர் கைக்கு வந்து சேர்ந்தது.

அந்தச் சீமையின் இன்றைய மாணவர்களுக்கென ஒரு சங்கீதப் பத்திரிகை வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். அது எப்படி இருக்கவேண்டும், யாருக்காக இருக்கவேண்டும் என்று ஆராயப் புகுமுன், இதுகாறும் சங்கீதத்தை அச்சில் ஏற்றியவர்கள் யாரை மனத்தில் வைத்து ஏற்றினார்கள் என்று பார்த்துவிடுவது நல்லது.

1928இல் நிறுவப்பெற்ற சென்னை மியூசிக் அகாடமி 1930இல் தன் ஆய்விதழைத் தொடங்கியது. ராக லக்ஷணம், பழைய சாஸ்திர நூல்களின் பதிப்பு, மாநாட்டு விவாதங்கள் என்று அது செய்திருக்கும் தொண்டு பெரிது. ஆனால் அதன் பாஷை பெரும்பாலும் ஆங்கிலம், அதன் வாசகர் பண்டிதர். 1983 அக்டோபரில் பட்டாபிராமன் தொடங்கிய ‘ஸ்ருதி’யும் ஆங்கில இதழே, கச்சேரி மேடையின் பின்னே இருக்கும் மனிதர்களை நேர்மையோடு எழுதிய பெருமை அதற்குண்டு. தமிழில் இத்துறைக்கு உயிர் கொடுத்தவை வெகுஜன வாரப் பத்திரிகைகள். ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் விகடனில் கல்கி எழுதிய விமரிசனங்களால், ராகத்தின் பெயர் அறியாத குடும்பங்களிலும் பாடகர்களின் பெயர்கள் புழங்கின. பின்னாளில் சுப்புடு அந்த வழியைத் தம் பாணியில் தொடர்ந்தார். இவ்வெழுத்தின் சுவையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எனினும் இவற்றின் நடுநாயகமாக இருந்தது சென்னையின் சபாக் கச்சேரி. மேலப்பழுவூரிலோ வேப்பந்தட்டையிலோ இருந்த ஒரு பிள்ளை அவற்றைப் படித்தபோது, தான் போகமுடியாத விருந்தின் வர்ணனையைத்தான் படித்தான்.

ஆராய்ச்சி நூல்களோ வேறு ஜாதி. ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ (1917), விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ (1947), 1992 முதல் நான்கு தொகுதிகளாகத் திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வெளியிட்ட வீ. ப. கா. சுந்தரத்தின் ‘தமிழிசைக் கலைக்களஞ்சியம்’ ஆகியவை கடல்கள். கடலிலிருந்து ஒரு குடம் நீரை மாணவனின் வாசலுக்குக் கொண்டுவந்து ஊற்றும் வேலை பத்திரிகைக்கு உரியது. அந்த வேலை இன்னும் செய்யப்படாமலே கிடக்கிறது.

இத்தனைக்கும் அப்பால், எவரும் பத்திரிகை என்று மதியாத, ஆனால் ஏழை எளியவர் மடியில் செருகிக்கொண்டு போன ஓர் அச்சுப் பொருள் இருந்தது. சென்னைக் குஜிலிக் கடைகளில் அச்சாகிச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற சிந்து, கும்மி, தெம்மாங்குப் புத்தகங்களும், பேசும்படம் வந்தபின் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களுமே அவை. பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். சாணிக் காகிதம், முன்பக்கத்தில் நடிக நடிகையர் பட்டியலும் கதைச் சுருக்கமும், உள்ளே ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் ராகம் இன்னது, தாளம் இன்னது, பாடுவோர் இன்னார் என்ற குறிப்பு, அதன்கீழ்ப் பல்லவி, அனுபல்லவி, சரணம். கொட்டகையில் ஒருமுறை கேட்ட செவியின் நினைவும், கையிலிருந்த இந்த ஏடும் சேர்ந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரையும் பாடச் செய்தன; காம்போதி என்றும் செஞ்சுருட்டி என்றும் பெயர் சொல்லவும் செய்தன. 1978இல் இங்கிலாந்தில் தோன்றிய ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ என்னும் இளைஞர் பத்திரிகை அந்தந்தக் காலத்துப் பாட்டுக்களின் சாகித்தியத்தை முழுவதும் அச்சிட்டே பெரும் விற்பனை கண்டது என்பதைப் படித்தபோது, நம் கொட்டகை வாசலில் கூவி விற்றவன் அந்த ரகசியத்தை நெடுநாள் முன்பே அறிந்திருந்தான் என்று எனக்குத் தோன்றியது. பாட்டைப் பற்றி எழுதும் ஏடு வேறு, பாட்டையே கையில் கொடுக்கும் ஏடு வேறு. மாணவனுக்கு வேண்டியது இரண்டாவதே என்பது என் துணிபு.

பிற தேசத்து வரலாற்றில் இன்னும் இரண்டு செய்திகள் நம் காரியத்துக்கு உதவும். ஜெர்மானிய சங்கீத மேதை ஷூமன் 1834இல் லைப்சிக் நகரில் புதிய சங்கீத இதழ் ஒன்றைத் தோழர்களோடு தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்துமூன்று. இன்று கல்லூரியில் முதுகலை பயிலும் பிள்ளையின் வயது. 1952 நவம்பரில் லண்டனின் ‘நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்’ வெளியிட்ட, பிரிட்டனின் முதல் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலோ, கடைக்காரர்களைத் தொலைபேசியில் அழைத்து, மிகுதியாக விற்ற தட்டுக்கள் எவை என்று கேட்டுத் தயாரிக்கப்பட்டது. வாசகன் எதைக் கேட்கிறான் என்று ஆசிரியர் ஊகம் செய்துகொண்டிராமல், விசாரித்து அறிந்தார்.

நாமும் விசாரிக்கவேண்டும். திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995இல் பிரிந்தது பெரம்பலூர் மாவட்டம். அதிலிருந்து 2001இல் பிரிந்து, மறுவருஷமே சேர்ந்து, 2007இல் மீண்டும் தனித்தது அரியலூர். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி முன்னதில் 5,65,223 பேரும் பின்னதில் 7,54,894 பேரும் வாழ்ந்தனர். ஒருபுறம் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும். மறுபுறம் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டு ஆலைகளும் முந்திரிக்காடும். இங்கே பயிலும் இளைஞர் ஒரே வகையினர் அல்லர். பெரம்பலூரின் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் இவற்றுள் ஒன்றை மூன்றாண்டு பயில்பவர்கள் ஒரு சாரார்; இவர்களுக்கு ஸ்வரம் தெரியும், படிக்க ஏடுதான் இல்லை. அரியலூர் அரசு கலைக் கல்லூரிக்கும் வேப்பூர் மகளிர் கல்லூரிக்கும் கிராமத்துப் பேருந்தில் வந்துபோகும் பிள்ளைகள் மிகப் பெரிய சாரார். இவர்கள் நாள் முழுவதும் கைப்பேசியில் பாட்டுக் கேட்கிறார்கள், ஆனால் பாடத் தெரியுமா என்றால் வெட்கப்படுவார்கள். கோயில் திருவிழாவில் தகப்பனோடு பறையடிக்கும் பிள்ளைகளும், ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயில் போன்ற ஆலயங்களின் பாடற்குழுவில் பாடும் பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் பெரும் வித்தை இருக்கிறது, அதை வித்தை என்று அவர்களிடம் சொன்னவர்தாம் இல்லை.

‘உனக்கு எந்தச் சங்கீதம் பிடிக்கும்?’ என்ற கேள்வியோடு இவர்களிடம் போகலாகாது. சென்ற வாரம் வந்த சினிமாப் பாட்டு என்பதே விடையாக வரும். அது பொய்யன்று, ஆனால் பயனற்றது. கடைசியாக வாய்விட்டுப் பாடியது எப்போது, அந்தப் பாட்டை யார் சொல்லிக் கொடுத்தார், அதன் இரண்டாம் சரணம் நினைவில் உண்டா, வீட்டில் ஒப்பாரியும் தாலாட்டும் பாடத் தெரிந்தவர் யார், சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் உடுக்கைச் சத்தம் கேட்டபோது உடம்பில் என்ன நேர்ந்தது என்றெல்லாம் கேட்கவேண்டும். கேட்பவரும் மாணவராகவே இருப்பது நலம். ஒரு பத்திரிகைக்கு எவ்வளவு காசு கொடுப்பாய் என்பதையும் கூசாமல் கேட்டுவிடவேண்டும். ஒரு தேநீரும் வடையும் வாங்கும் காசுக்குமேல் விலை போனால் அது ஆசிரியர்களின் மேஜைமேல் மட்டுமே கிடக்கும்.

இனி அமைப்பைப் பற்றி. இங்கே சற்று நின்று பேச விரும்புகிறேன். ஏனெனில் நல்ல எண்ணத்தோடு தொடங்கிய ஏடுகள் பல, பக்கத்தின் அமைப்பிலேயே வாசகரை இழந்திருக்கின்றன. பாட்டுப் பயில்பவன் நாற்காலியில் சாய்ந்து படிப்பவன் அல்லன். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான், இரண்டு கைகளும் வயலினிலோ நாதசுரத்திலோ இருக்கின்றன, ஏடு எதிரே கிடக்கிறது. முதுகில் பசை போட்டு ஒட்டிய புத்தகம் தானே மூடிக்கொள்ளும். நடுவில் மடித்துப் பின் அடித்த ஏடோ விரித்த இடத்தில் விரித்தபடி கிடக்கும். ஆகவே பதினாறு பக்க ஃபாரம் இரண்டு, நடுவே பின், மேலே ஓர் அட்டை, அவ்வளவே போதும். பாட்டுப் பக்கத்தின் எழுத்து, கட்டுரைப் பக்கத்து எழுத்தைவிடக் கணிசமாகப் பெரிதாயிருக்கவேண்டும், இரண்டு முழ தூரத்திலிருந்து படிக்கப்போகிறார்கள் அல்லவா? ஒரு பாட்டு எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலேயே முடியவேண்டும். சரணத்தின் நடுவில் பக்கம் திருப்பச் சொல்வது பாடகனின் மூச்சைப் பிடித்து நிறுத்துவதாகும்.

ஸ்வரக் குறிப்பை அச்சிடுவதில் தமிழுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. மேல் ஸ்தாயி ஸ்வரத்துக்கு எழுத்தின்மேல் ஒரு புள்ளியும், கீழ் ஸ்தாயிக்கு எழுத்தின்கீழ் ஒரு புள்ளியும் இடுவது வழக்கம். நம் எழுத்திலோ மேற்புள்ளி மெய்யெழுத்தின் அடையாளம். மோகனத்தின் ஆரோகணத்தை, ச ரி க ப த என்று எழுதி, மேல் சட்ஜத்தின் தலையில் புள்ளி வைத்தால், புதிதாகப் பயில்பவன் அதை மெய்யெழுத்தாகவே வாசிப்பான். ரி, நி என்பவற்றிலோ இகரத்தின் மேல்விலங்கும் புள்ளியும் ஒன்றோடொன்று முட்டும். கணினியில் கோக்கும்போது இச்சங்கடம் இரட்டிக்கிறது. ஆகவே மேல் ஸ்தாயியைத் தடித்த எழுத்தாலோ வேறு வண்ணத்தாலோ காட்டி, முதற்பக்கத்திலேயே அதற்கு விளக்கம் தந்துவிடுவதே உத்தமம். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் நான்கு, இரண்டு, இரண்டு என்று கோடிட்டுப் பிரித்து, ஒவ்வொரு ஸ்வரத்தின் நேர் கீழே சாகித்தியத்தின் எழுத்து நிற்கவேண்டும். தமிழ் எழுத்துக்கள் அகலத்தில் ஒத்தவை அல்லவாதலால், கட்டம் போட்டு அமைத்தாலன்றி அவை நேருக்கு நேர் நில்லா. பக்கத்தின் ஓரத்தில் அச்சிடும் கியூஆர் கட்டத்தைக் கைப்பேசிக்குக் காட்டினால், இசைப்பள்ளி மாணவர் ஒருவர் அதே பாட்டை நிதானமாகப் பாடிய பதிவு கேட்கவேண்டும். கொட்டகையில் கேட்ட செவியும் கையிலிருந்த பாட்டுப் புத்தகமும் சேர்ந்து செய்த வேலையை இந்தக் கட்டம் செய்யும்.

எதை அச்சிடுவது என்பதற்கு இந்த மண்ணில் குறைவே இல்லை. கங்கைகொண்ட சோளீச்சரத்தின்மேல் கருவூர்த்தேவர் பாடிய திருவிசைப்பா இருக்கிறது. மூவரும் பாடிய திருமழபாடி கொள்ளிடக் கரையில் இருக்கிறது. ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகம் பாடிய வீரமாமுனிவர் இருக்கிறார். உடையார்பாளையத்துக் கனம் கிருஷ்ணையரின் பதங்கள் இருக்கின்றன. ஓர் இதழில் இவற்றுள் ஒன்றை ஸ்வரத்தோடும், ஒரு கிராமத்துக் கிழவியின் நடவுப் பாட்டைச் சொல்லோடும் மெட்டோடும், பறையின் அடவு ஒன்றைச் சொற்கட்டோடும் கொடுத்தால், வேறு எந்தப் பத்திரிகையிலும் கிடைக்காதது அந்த மாணவனுக்குக் கிடைக்கும். மிருதங்கத்தின் முதற்பாடமாகிய தா தீ தொம் நம் என்பதை எழுத முடியுமானால், பறையின் அடியையும் எழுத முடியும். எழுத முயலவில்லை என்பதே உண்மை. 1956 நவம்பர் 23 விடியலுக்கு முன் அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதும், அதன்பேரில் ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமா செய்ததும் தேச சரித்திரம். அந்தச் சாவுகளுக்கு இந்த ஊர்களில் என்ன ஒப்பாரி பாடினார்கள் என்பது எழுதப்படாத சரித்திரம். அதைக் கேட்டெழுத வேண்டிய முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பது நியாயமே. அதற்குத் தனி நிதி திரட்டும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. இவ்விரு மாவட்டங்களின் கல்லூரிகள் ஆண்டுமலருக்கென்று பளபளக்கும் காகிதமும் வண்ண அச்சும் ஏற்கெனவே வாங்குகின்றன. அம்மலர்களில் வாழ்த்துரைகளும் குழுப் புகைப்படங்களும் பல பக்கங்களை நிறைக்கின்றன. தமிழ்த்துறை ஆசிரியர்களே, அடுத்த மலரில் நடுவே பதினாறு பக்கங்களை, ஒரே ஒரு ஃபாரத்தை, மாணவர் கையில் விட்டுவிடுங்கள். இசைப்பள்ளியிலிருந்து ஸ்வரம் எழுதத் தெரிந்த ஒருவரை அவர்களோடு உட்கார வையுங்கள். பாட்டி உள்ள வீடுகளுக்கு அவர்களை இந்தப் பொங்கல் விடுமுறையிலேயே அனுப்பி வையுங்கள்.