ஒத்திகை இல்லாத வேடங்கள்

சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் பிறந்த காட்டுநாயக்கன்பட்டி எங்கள் தூத்துக்குடி வட்டாரத்து ஊர். நாடகத்துக்குப் போகுமுன் அவர் உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதினார். உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கும் ஆலையைச் சுற்றி எழுந்த சாகுபுரத்தில் உட்கார்ந்து, பாத்திரமேற்று ஆடும் இன்றைய விளையாட்டுகளைப் பற்றி எழுதும்போது, அவரிடமிருந்து தொடங்குவதுதான் முறை. அந்த விளையாட்டுகளுக்கு நம்மிடம் உள்ள மிக நெருங்கிய உறவு, அவருடைய நாடகங்களை ஆடிவரும் ஸ்பெஷல் நாடகம்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒத்திகையும் இயக்குநரும் இல்லாமல் அன்றிரவு மேடையில் சந்திக்கிறார்கள். ‘வள்ளி திருமண’த்தின் கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம், நடுவில் வரும் தர்க்கம் மட்டும் அந்தந்த இரவு பிறக்கிறது. எதிராளி எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரியாமலேயே பதில் சொல்லியாக வேண்டும். சூசன் சீசர் இக்கலைஞர்களைப் பற்றி எழுதிய நூல் 2005இல் வந்தது.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதே உழைப்பைப் பார்வையாளர் இல்லாத மேசைக்குக் கொண்டுவந்தது. ஒருவர் உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்பார்கள். ஐயமான இடத்தில் பகடை தீர்க்கும். நான்கே ஆண்டுகளில், 1978இல், எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் ‘மட்’ என்ற எழுத்து உலகத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். அதில் அறையும் வாளும் வாக்கியங்கள்தான். பக்கத்தில் நிற்பவரும் ஒரு வாக்கியம்தான். இன்று டிஸ்கார்ட் என்ற இணைய அரட்டைத் தளத்தில் எழுதி ஆடுகிறவர்கள் அந்த வழியில் வந்தவர்கள்.

மேசை ஆட்டத்தையும் எழுத்து ஆட்டத்தையும் பிரிப்பது பதிலுக்குக் கிடைக்கும் நேரம். மேசையில் தடுமாற்றமும் சிரிப்பும் எதிரில் இருப்பவரின் கண்ணும் ஆட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. குரல் பெரியவர் மற்றவர்களின் முறையையும் விழுங்கிவிடுவதுண்டு. எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. கூச்சப்படுகிறவர் பத்து நிமிடம் யோசித்து அன்றைய மிகச் சிறந்த வசனத்தை எழுதலாம். ஆனால் ஒரு சண்டைக் காட்சி வாரக்கணக்கில் இழுக்கும். எதிராளியின் மௌனம் கோபமா, மின்வெட்டா என்றும் விளங்காது.

‘வள்ளி திருமண’த்தில் முருகன் கிழவனாக வரும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் வள்ளியாக ஆடுகிறவருக்குக் கிழவன் யாரென்று தெரியும். தெரியாததுபோல் நடிப்பதில்தான் திறமை. எழுத்தில் அவருக்கு உண்மையாகவே தெரியாமல் இருக்கலாம். அந்த ஏமாற்றமும் வியப்பும் மேசைக்குக் கிட்டாதவை. எழுத்து ஆட்டத்தின் மிகப் பெரிய செல்வம் இதுவே என்பேன்.

ஆபத்தும் அங்கேதான். 1993இல் ‘லாம்டாமூ’ என்ற எழுத்து உலகில், ஒருவர் ஒரு நிரலைக் கொண்டு மற்றவர்களின் பாத்திரங்கள் இழிசெயல்கள் செய்வதாக எல்லோர் திரையிலும் எழுதவைத்தார். ஜூலியன் டிபெல் அதைக் கட்டுரையாக எழுதினார். காயம் சொற்களால் ஆனது என்பதால் அது குறைந்துவிடவில்லை. நீண்ட விவாதத்துக்குப் பின் ஒரு நிர்வாகி அந்தப் பாத்திரத்தை நீக்கினார். உறுப்பினர் வாக்கெடுப்பும் பிறகு வந்தது. நேரில் ஆடுவோரிடம் ‘எக்ஸ் கார்டு’ என்ற வழக்கம் உண்டு: காட்சி பொறுக்கவில்லையென்றால் நடுவில் இருக்கும் அட்டையைத் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் காட்சி விலகும். எழுதி ஆடும் ஒவ்வொரு குழுவும் முதல் நாளே இதற்கிணையான ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும்.

ஷிப்ட் முறையில் வேலை பார்க்கும் இவ்வூரில் நாலு பேர் ஒரே மாலையில் ஒன்றுசேர்வது கடினம். அதனால் வேட்டைக்காடும் மாறுவேடங்களும் எழுத்தில் நடக்கட்டும். தர்க்கத்துக்கு மட்டும் விடுமுறை நாளில் நேரில் கூடலாம். அயல்நாட்டு விதிநூலை மொழிபெயர்ப்பதைவிட எல்லோருக்கும் தெரிந்த வள்ளி கதையில் தொடங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆட்டத்தை நடத்துகிறவருக்கு நாரதர் வேடம் கொடுக்கலாம்: முருகனிடம் வள்ளியைப் பற்றிச் சொல்லிக் கதையைக் கிளப்பிவிடுகிறவரும் அவர்தானே.