வெட்டுப்பட்ட பேய்

பேய்க் கதைகளை மாலையாகக் கோத்து எடுத்த படங்களுக்கு ஒரு ராசி உண்டு. கப்பலேறினால் கையோ காலோ போய்விடும்.

1945-ல் இங்கிலாந்தின் ஈலிங் ஸ்டுடியோ எடுத்த 'டெட் ஆஃப் நைட்' படத்தில் ஐந்து கதைகள், நாலு டைரக்டர்கள். அமெரிக்காவுக்குப் போனபோது ரெண்டு கதைகளைக் கழற்றிவிட்டார்கள். கடைசியில் எல்லாக் கதை ஆசாமிகளும் கதாநாயகனின் கெட்ட கனவில் வந்து அவனைச் சூழ்வார்கள். அமெரிக்கக்காரர்களுக்கு 'இவங்கள்லாம் யாரு, எப்ப வந்தாங்க?' என்ற குழப்பம். (அந்தப் படம் முடிகிற இடத்தில் திரும்பவும் ஆரம்பிக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்த ஹாய்ல், கோல்ட், பாண்டி என்ற மூன்று விஞ்ஞானிகள் - நம்ம ஊர் பாண்டி இல்லை, ஹெர்மன் பாண்டி - 'பிரபஞ்சமும் இப்படித் தொடக்கமே இல்லாமல் இருந்தால் என்ன?' என்று யோசித்து 1948-ல் ஒரு கொள்கையே வெளியிட்டார்கள். அந்தக் கொள்கை பிற்பாடு செல்லாமல் போனது. படத்தை இன்னும் பார்க்கிறார்கள்.)

ஜப்பானின் கோபயாஷி 1964-ல் எடுத்த 'க்வைதான்' படத்தில் நாலு கதைகள், மூன்று மணி நேரம். பழைய விமானக் கொட்டகைக்குள் செட் போட்டு, வானத்தையே கையால் வரைந்து எடுத்த படம். அமெரிக்காவில் அதிலிருந்து பனிப் பெண்ணின் கதையைத் தூக்கிவிட்டார்கள். நம்ம பக்கத்து டூரிங் கொட்டகையில் கடைசி ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்க ஆபரேட்டர் ஒரு ரீலை விழுங்குவாரே, அந்த மாதிரிதான். என்ன, இவர்கள் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு செய்தார்கள்.

இந்த வரிசையில் நம்ம தேசத்துப் படம் ஒன்று இருக்கிறது. 1961-ல் தாகூர் நூற்றாண்டுக்காக சத்யஜித் ரே எடுத்த 'தீன் கன்யா'. தாகூரின் மூன்று கதைகள், மூன்று பெண்கள். போஸ்ட்மாஸ்டருக்கு வேலை செய்யும் அநாதைச் சிறுமி ரத்தன். நகைப் பைத்தியம் மணிமாலிகா. மரம் ஏறும் துடுக்குப் பெண் மிருண்மயி. (அபர்ணா சென் அறிமுகமானது இதில்தான்.) வெளிநாட்டுக்குப் போனபோது படத்தின் பெயர் 'டூ டாட்டர்ஸ்' ஆகிவிட்டது. மூன்று பெண்களில் காணாமல் போனவள் யார்? நடுவில் இருந்த பேய்தான். 'மோனிஹாரா' என்ற அந்தப் பகுதியை அயல்நாட்டு ரசிகர்கள் ரொம்ப வருஷம் பார்க்கவே இல்லை.

பணிபூஷணுக்கு மாமா சொத்தாக ஆற்றங்கரையில் பெரிய பங்களா கிடைக்கிறது. குழந்தை இல்லை. மனைவியின் அன்பை நகை நகையாக வாங்கப் பார்க்கிறான். ஒருநாள் அவன் சணல் கிடங்கு தீப்பற்றி எரிகிறது. பணமுடை. 'உன் நகையைக் கேட்டால் தருவியா?' என்று லேசாக ஆழம் பார்க்கிறான். அவள் முகம் மாறுகிறது. அவன் கல்கத்தாவுக்குப் பணம் திரட்டப் போன நேரத்தில், நகைகளோடு அவள் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறாள். அப்புறம் அவள் என்ன ஆனாள் என்று ரே காட்டுவதில்லை. ராத்திரியில் ஒரு சத்தம்தான் திரும்பி வருகிறது.

இந்தக் கதையை மதுரையில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு வேறொரு கதை ஞாபகம் வராமல் இருக்குமா? கணவன் நொடித்துப் போனான். 'சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கழற்றிக் கொடுத்தாள் ஒருத்தி. அதை விற்க வந்த ஊர் இது. இன்றைக்கும் தெற்காவணி மூல வீதியில் நகை வாங்குகிற கூட்டத்தைப் பாருங்கள். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் விதைக்கும் உரத்துக்கும் கைமாற்று கிடைக்காவிட்டால் முதலில் அடகுக் கடைக்குப் போவது வீட்டம்மாவின் சங்கிலிதான். தருவியா என்று கேட்கிற வழக்கமே கிடையாது. தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு நிற்கிறவளைத்தான் நல்ல மனைவி என்போம். மணிமாலிகா 'மாட்டேன்' என்கிற கண்ணகி. கொடுத்தவளுக்குக் கோயில் கட்டினோம். கொடுக்காதவளைப் பேயாக்கினோம்.

அதனால்தான் அந்த வெட்டு எனக்கு உறுத்துகிறது. மிச்சம் நின்ற ரெண்டு பெண்கள் யார்? ஒருத்தி எஜமானுக்குச் சேவை செய்து கைவிடப்படுகிறாள். இன்னொருத்தி துடுக்கை விட்டுவிட்டு மனைவியாக மாறுகிறாள். இருவரையும் பார்த்து நெஞ்சு இளகலாம். இளக விடாத மூன்றாமவள்தான் டப்பாவுக்குள் போனாள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மணியின் கதையைச் சொல்வது யார்? படித்துறையில் கஞ்சா புகைத்தபடி உட்கார்ந்திருக்கும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் தாம் எழுதியதை, போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்நியனுக்கு வாசித்துக் காட்டுகிறார். 'பேராசைக்காரி' என்ற தீர்ப்பு அவருடையது. முழுக்கக் கேட்ட அந்நியன், கதை நன்றாக இருந்தது, ஆனால் தப்புகள் இருக்கின்றன என்கிறான். அவன்தான் பணிபூஷண். சொல்லிவிட்டு மறைந்துவிடுகிறான். வாத்தியார் எடுக்கிறார் ஓட்டம். என்ன தப்பு என்பதை ரே சொல்லவே இல்லை. அவளைப் பற்றிச் சொன்னதில் எதை நம்புவது என்று நாம்தான் தலையைச் சொறிய வேண்டும்.

சரி, திரைக்குப் பின்னால் கொஞ்சம். ரே தானே இசையமைத்த முதல் படம் இது. அதுவரை ரவிசங்கர், விலாயத் கான், அலி அக்பர் கான் என்று மேதைகளோடு வேலை செய்தவர். வழக்கமான ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்குக் கண்ணில் கோளாறு வந்ததால், உதவியாளர் சௌமேந்து ராய் முதல்முறையாகத் தனியே காமிரா பிடித்தார். பங்களா நிறைய சாமான்களும் பாடம் செய்த பறவைகளுமாக பன்சி சந்திரகுப்தா அடைத்து வைத்திருப்பதை அந்தக் காமிரா மூச்சுமுட்டக் காட்டுகிறது. உயிர் இல்லாத அழகுப் பொருள்களுக்கு நடுவில் இன்னொரு அழகுப் பொருளாக மணி. கனிகா மஜும்தாரின் அந்தக் கண்களுக்காகவே ரெண்டு தடவை பார்க்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி வேறு. படத்தில் மணி பாடுவதாக 'பாஜே கருண சுரே' என்ற தாகூர் பாட்டு வருகிறது. பாடியவர் ரூமா குஹ தாகுர்தா. கேட்டதும் 'அட, நம்ம சிம்மேந்திரமத்யமம்!' என்று நிமிர்ந்து உட்காருவீர்கள். சந்தேகமே வேண்டாம். சாந்திநிகேதனில் இருந்த சாவித்ரி என்ற தென்னாட்டுப் பெண் பாடிய 'நீது சரணமூலே' கீர்த்தனையைக் கேட்டுத்தான் தாகூர் அந்த மெட்டில் வங்காளத்தில் எழுதினார். அதே சாவித்ரி பாடிய இன்னொரு கீர்த்தனை, தீட்சிதரின் 'மீனாக்ஷி மே முதம் தேஹி'. அதுவும் 'பசந்தி ஹே புவனமோஹினி' என்று வங்காளப் பாட்டாகிவிட்டது. மதுரை மீனாட்சி மேல் பாடிய கீர்த்தனை சாந்திநிகேதனில் வசந்த காலப் பாட்டு. அதன் சகோதரி மெட்டு, வங்காளத்துப் பேய் பங்களாவில்.

குறை இல்லாத படமா? இல்லை. கடைசியில் எலும்புக் கை வளையலோடு வந்து நகைப் பெட்டியைப் பறிக்கும் இடம், அதுவரை சத்தத்தை வைத்தே மிரட்டியவருக்குத் தேவைப்படாத பொம்மை வேலை. இன்றைய பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். அந்தக் கைக்கு முந்திய பத்து நிமிஷத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

மூன்று பெண்களும் உள்ள முழுப் படம் இப்போது கிடைக்கிறது. வீட்டோடு பாருங்கள். முடிந்ததும் நகையைக் கொடுத்திருக்க வேண்டுமா, கூடாதா என்று ஓட்டெடுப்பு வையுங்கள். எங்கள் வீட்டில் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மணிதான் ஜெயித்தாள்.