கரணமும் கரியும்: மணமின்றிச் சேர்ந்து வாழ்தல் குறித்து ஒரு திறனாய்வு

மணம் செய்துகொள்ளாமல் ஓர் ஆணும் பெண்ணும் ஓரில்லத்தில் வாழ்வது தகுமா என்னும் வினா எழும்போதெல்லாம் நம் தமிழ் மேடைகளில் இருவகை விடைகளைக் கேட்கிறோம். இது மேலைநாட்டுச் சீர்கேடு, கற்பு வழிப்பட்ட தமிழ் மரபுக்குப் புறம்பானது என்பது ஒன்று. களவொழுக்கத்தைப் பாடிய இனத்துக்குச் சடங்கு இடையில் வந்து சேர்ந்ததே. அது கட்டாயமன்று என்பது மற்றொன்று. இரு சாராரும் தொல்காப்பியத்தையே சான்றாகக் காட்டுவர். இரு சாராரும் அந்நூலைப் பாதியளவே படித்துள்ளனர் என்பது நம் கருத்து.

கற்பியலின் தொடக்க நூற்பாக்களை வரிசையாக நோக்குவோம். பெண்ணைக் கொடுப்பதற்குரியோர் கொடுக்க நிகழும் மணம் முதலில் பேசப்படுகிறது. உடன்போக்கில் கொடுப்போர் இல்லாமலும் கரணம் நிகழ்வதுண்டு என்பது அடுத்து வருகிறது. சற்றுப் பின்னரே கரணம் ஏன் தோன்றிற்று என்பதற்கு நூல் காரணம் கூறுகிறது. மக்களிடையே பொய்யும் பிறழ்வும் தலைகாட்டியதே அக்காரணம். செய்த ஒன்றைச் செய்யவில்லை என மறுப்பதே இங்குப் பொய் என இளம்பூரணர் விளக்குவார். தெய்வ ஆணை, குலப்பெருமை, கோள்நிலை ஆகியன இக்காரணத்தில் இடம்பெறவில்லை. ஒருவன் நாளை 'அறியேன்' என்று கைவிரிக்காமலிருக்கச் செய்த ஏற்பாடாகவே கரணம் காட்டப்படுகிறது.

சங்கப் பாடல்களும் இதற்கு அரண் செய்கின்றன. குறுந்தொகை 25ஆம் பாடலில் தலைவியின் அச்சம், தன் கூட்டத்தை அறிந்தவர் எவருமில்லை என்பதே. அங்கிருந்தது ஆரல்மீனுக்குக் காத்துநின்ற குருகு மட்டுமே. அகநானூறு 256ஆம் பாடலில் கள்ளூரில் ஒரு பெண்ணின் நலத்தைக் கவர்ந்தவன் அவளை அறியேன் எனப் பொய்ச்சூள் உரைக்கிறான். அறிந்த சாட்சியரை வினவி உண்மை கண்ட அவையத்தார் அவனைக் கட்டிவைத்து அவன் தலையில் நீற்றைக் கொட்டுகின்றனர். அவளுக்கு மணம் நிகழ்ந்ததா என்று அவையத்தார் கேட்டதாகப் பாடலில் இல்லை. கரி, அதாவது சாட்சி, உண்டா என்பதே வழக்கு. மணவிழாவைக் காட்டும் அகநானூறு 86, 136 ஆகிய பாடல்களில் எரியும் இல்லை, புரோகிதரும் இல்லை. பந்தலும் விருந்தும் கூடிய சுற்றமும் உள்ளன. சடங்கு வேண்டா என்போர் இவற்றை விரும்பி எடுத்துக்காட்டுவர். ஆனால் அச்சுற்றத்தின் பணி என்ன என்பதை அவர்கள் கேட்பதில்லை.

கரி என்னும் இச்சொல்லோடு நம் நாட்டுக் கோலா கங்சாரை நோக்கலாம். 1877இல் இங்கு நடப்பட்ட இரப்பர்க் கன்றுகளுள் ஒன்று மரமாகி இன்றும் மாவட்ட அலுவலகத்தருகே நிற்கிறது. இவ்வூரைச் சுற்றியும் சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் பின்னர்ப் பெருகிய தோட்டங்களில் தமிழர் குடியேறினர். தொடக்கக் காலத்தில் பெண்கள் தொகை மிகக் குறைவு. கோயிலில் தாலி கட்டியோரும் இருந்தனர்; எச்சடங்குமின்றி ஒரே வீட்டில் வாழ்ந்தோரும் இருந்தனர். ஆகவே சேர்ந்து வாழ்தல் அண்மையில் வந்த இறக்குமதி என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. அவ்வாறு வாழ்ந்த பெண்ணைச் சுட்ட 'வைப்பு' என்றொரு சொல் தமிழில் உண்டு. ஆணைச் சுட்ட அதற்கிணையான சொல் இல்லை. அகராதி செய்வோர் இதனைச் சற்று எண்ணிப்பார்க்கலாம்.

அவ்வாழ்வுக்குத் தோட்டமே கரியாக இருந்தது. இன்னார் இன்னாருடைய மனைவி, இப்பிள்ளை இவர்களுடையது என்பதை லயத்திலுள்ள அனைவரும் அறிவர். கங்காணியும் கோயில் பூசாரியும் சொன்னால் போதும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் மக்கள் நகர்ப்புறங்களுக்குச் சிதறியபோது அக்கரியும் சிதறிற்று.

சட்டமோ வேறு கரியைக் கேட்டது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இசுலாமியர் அல்லாதார்க்கு ஒருதார மணத்தை இது கட்டாயமாக்கியது. அதற்கு முன் வழக்காற்றின்படி முறையாக நிகழ்ந்த மணங்களைப் பதிவு பெற்றனவாகவே ஏற்றது. அதன்பின் நிகழ்வன பதிவு பெறவேண்டும். பதியாமை ஒன்றாலேயே ஒரு மணம் செல்லும் என்றோ செல்லாது என்றோ கொள்ளலாகாது என 34ஆம் பிரிவு கூறினாலும், பதிவேடு இல்லாத பெண் ஒவ்வொரு முகப்பிலும் தன் மணத்தை மெய்ப்பிக்க வேண்டியவளாகிறாள். பிள்ளையின் நிலை இன்னும் கடினம். பெற்றோர் மணம் சட்டப்படி அமையாதபோது அதன் குடியுரிமை தாயைப் பின்பற்றும். தாய் அயல்நாட்டவராயின் தந்தை மலேசியராக இருப்பது தானாகப் பயன் தராது. தந்தை மலேசியர், தாய் பிலிப்பீன்சு நாட்டவர். பிள்ளை அங்குப் பிறந்தபின்னரே மணம் பதிவாகியது. அப்பிள்ளையின் கோரிக்கையைக் கூட்டரசு நீதிமன்றம் 2021இல் நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில் ஏற்க மறுத்தது. பெற்றோர் விடுத்த கரணத்துக்குப் பிள்ளை விலை கொடுக்கிறது.

சடங்கை எதிர்த்த இயக்கமும் சாட்சியை நீக்கவில்லை. 1929 டிசம்பரில் ஈப்போ மாநாட்டில் கலந்துகொண்ட பெரியார் தமிழகத்தில் பரப்பிய சுயமரியாதைத் திருமணத்தில் புரோகிதருக்கு இடமில்லை. அத்தகைய மணம் செல்லாது என 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியதால் பலருடைய பிள்ளைகளின் உரிமை ஐயத்துக்குள்ளாயிற்று. 1967இல் தமிழக அரசு இயற்றிய திருத்தமே அதனைச் சரிசெய்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் நிகழ்தல் என்பதை அத்திருத்தமும் வேண்டுகிறது.

இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் தமிழகத்திலிருந்து சென்ற இரு வழக்குகளில் இதனையே வேறு கோணத்தில் அணுகியது. நடிகை குஷ்பு வழக்கில், வயது வந்தோர் சேர்ந்து வாழ்தல் குற்றமன்று என்றது. அதே ஆண்டு அக்டோபரில், மணம் போன்ற உறவில் வாழும் பெண்ணும் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெறலாம் என்று கூறிச் சில வரையறைகளை விதித்தது. இருவரும் உலகத்தார் முன் கணவன் மனைவியராகத் தோன்றியிருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தாலி கேட்கப்படவில்லை, அறிந்தோர் கேட்கப்பட்டனர்.

நம் நாட்டில் 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இதில் பாதி வழி வந்துள்ளது. பதிவு பெறாவிடினும் சமய முறையிலோ வழக்காற்று முறையிலோ மணச்சடங்கு செய்தவரை அது வாழ்க்கைத்துணையாக ஏற்கிறது. சடங்கே இன்றி இருபது ஆண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தவளை அவ்விளக்கம் துணையாக ஏற்பதில்லை. பூசாரி ஒருவர் அரைமணி நேரம் நின்றது கரியாகிறது. அண்டை அயலார் இருபது ஆண்டு கண்டது கரியாவதில்லை. கள்ளூர் அவையத்தார் இவ்வேறுபாட்டை ஏற்றிருப்பார்களா என்பது ஐயமே.

சேர்ந்து வாழ்வோர் மணம் செய்துகொள்ள வேண்டுமா எனின், இருவரும் உண்மையுடன் நலமாக வாழும் நாளில் வேண்டியதில்லை என்றே கூறலாம். ஒருவர் மறுக்கும் நாளிலும் இறக்கும் நாளிலும்தான் கரணத்தின் தேவை தெரிகிறது. அந்நாளை எவரும் முன்னறியார். இன்றைய சட்டம் உள்ளவரை பதிவு செய்துகொள்க என்றே நாம் கூறுவோம், குறிப்பாகப் பிள்ளை பெற எண்ணுவோர்க்கு. ஆயின் சட்டம் இவ்வாறே இருக்கவேண்டும் என்று நாம் கருதவில்லை. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கத்தில், நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தமை சாட்சிகளால் மெய்ப்பிக்கப்படுமாயின் அதுவும் போதும் என ஒரு தொடரைச் சேர்க்கலாம். அதனால் மணத்தின் மதிப்புக் குன்றும் என்போர், இன்று அதன் மதிப்பைத் தாங்கி நிற்பது பாதுகாப்பற்ற பெண்களின் அச்சமா என்பதற்கு விடை கூறவேண்டும்.

வகுப்பறையில் களவும் கற்பும் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. களவு கற்பில் முடிதலே மரபு என்று ஒரு வரியில் கூறி முடிப்பது வழக்கமாகிவிட்டது. அவ்விடத்தில் பொய், வழு என்னும் இரு சொற்களுக்கும் உரையாசிரியர் தரும் பொருளையும் அகநானூறு 256ஐயும் சேர்த்து நடத்தலாம். கேட்டுக்கொண்டிருக்கும் மாணவருள் பெற்றோரின் திருமணச் சான்றிதழ் இல்லாத பிள்ளையும் இருக்கக்கூடும். 'முறைதவறிய' என்னும் அடைமொழியை அவ்வகுப்பில் கையாள்வதற்குத் தொல்காப்பியம் இடம் தரவில்லை.