ஐம்பத்தேழு நாள் நோன்பு: திருநாதர்குன்றின் கல்லும் ‘ஈடேற்றம்’ என்னும் சொல்லும்

செஞ்சிக்கு வருவோர் இராசகிரிக் கோட்டையில் ஏறுகின்றனர். 1714இல் போரில் மடிந்த தேசிங்குராசனின் கதையை நினைவுகூர்கின்றனர். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் எழுந்த சஆதத்துல்லாஹ் கான் பள்ளிவாசலைப் பார்த்துத் திரும்புகின்றனர். ஊருக்கு வடக்கே சிறுகடம்பூரை அடுத்துள்ள திருநாதர்குன்றுக்குச் செல்வோர் மிகச் சிலரே. அங்கே பெரும்பாறை ஒன்றின் முகத்தில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களும் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளனர். அக்குன்றில் மிகச் சிறிய கல்வெட்டு ஒன்றும் உண்டு. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்த இடம் இது என்பதே அதன் செய்தி. எழுத்தமைதியைக் கொண்டு அறிஞர்கள் அதனை 5 அல்லது 6ஆம் நூற்றாண்டினதாகக் கருதுவர். ‘ஐ’ என்னும் உயிரெழுத்தின் பழைய வடிவம் இதில் காணப்படுவதால் தமிழ் எழுத்து வரலாற்றை ஆராய்வோர் இக்கல்லைத் தவறாது குறிப்பிடுவர். ‘ஐம்பத்தேழு’ என்ற எண்ணின் முதலெழுத்தே அந்த ‘ஐ’. எழுத்தைக் கண்டவர் பலர். அந்த எண்ணுக்குள் அடங்கிய நாட்களை எண்ணிப் பார்த்தவர் குறைவு.

இக்கல்வெட்டில் நம் கவனத்தை முதலில் ஈர்க்க வேண்டியது ஒரு வினைச்சொல். அந்த ஆசிரியர் அனசனம் ‘நோற்றார்’ என்று கல் கூறுகிறது. ஒவ்வொரு ரமளானிலும் நாம் ‘நோன்பு நோற்றல்’ என்று வழங்கும் அதே வினை அது. ஸவ்ம் என்னும் அரபுச் சொல்லுக்குத் தமிழ் முஸ்லிம்கள் தேர்ந்துகொண்ட சொல், அவர்களுக்குப் பன்னூறு ஆண்டுகள் முன்பே இத்தமிழ் நிலத்தில் துறவியர் வாயில் வழங்கிய சொல். சொல் ஒன்று, செயல் ஒன்றன்று. நம்முடைய நோன்பு ஒவ்வொரு நாளும் அந்தியில் திறக்கப்படுகிறது. சந்திரநந்தியின் நோன்பு திறக்கப்படவே இல்லை.

சமயங்கள் ஈடேற்றத்தை எவ்வாறு உணர்கின்றன என்பது பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டே வகையின. ஆறுகள் பலவாயினும் கடல் ஒன்றே என்பது ஒரு வகை. எம்முடையதைத் தவிர ஏனையவை வீண் என்று பட்டியலிடுவது மற்றொரு வகை. ஒன்றுக்கொன்று பகை போலத் தோன்றினும் இரண்டும் ஒரு குறையைப் பகிர்ந்துகொள்கின்றன: எதிரில் இருப்பவர் எதிலிருந்து தப்ப முயன்றார் என்று இரண்டுமே கேட்பதில்லை. கடல் ஒன்றே எனில் ஒருவர் ஐம்பத்தேழு நாள் பட்டினி கிடக்க வேண்டிய தேவை என்ன? வீண் என்று ஒரு சொல்லில் முடிப்பதானால் அந்த ஐம்பத்தேழு நாளும் ஒருவரைத் தாங்கி நின்ற நம்பிக்கை எது என்பதை நாம் அறியாமலே போவோம். இக்கல்லைப் படிப்பதற்கு நம்மை ஆயத்தப்படுத்தும் நூல் எது என்று தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்களிலிருந்து தொடங்குவது நலம். வீடு என்பது விடுதல் என்னும் பொருளுடையது. முத்தியும் மோட்சமும் அப்பொருளனவே. நிருவாணம் என்பது சுடர் அவிதலைக் குறிக்கும். கிறித்தவர் வழங்கும் ‘மீட்பு’, அடகில் கிடப்பதை விலை கொடுத்துத் திருப்புதலை நினைவூட்டுவது. நாம் ஈடேற்றம் என்று பெயர்த்துக்கொள்ளும் நஜாத் என்னும் சொல் (அல்குர்ஆன் 40:41இல் வருவது), சுற்றுப்புறத்தினின்று உயர்ந்து தனித்து நிற்கும் மேட்டு நிலத்தோடு தொடர்புடையது என்பர் அரபு அகராதியறிஞர். நாள்தோறும் ஐவேளையும் பாங்கில் ஒலிக்கும் ஃபலாஹ் என்னும் சொல்லோ நிலத்தைப் பிளக்கும் உழவோடு உறவுடையது. உழவனை அரபியில் ஃபல்லாஹ் என்பர். ஆக, கட்டுண்டவனுக்கு அவிழ்ப்பு, எரிபவனுக்கு அவிதல், அடகானவனுக்கு மீட்பு, வெள்ளத்தில் அகப்பட்டவனுக்கு மேட்டு நிலம், உழுதவனுக்கு விளைவு என ஒவ்வொரு சொல்லும் வெவ்வேறு இடரையோ எதிர்பார்ப்பையோ உள்ளடக்கியுள்ளது. இவை அனைத்தையும் ‘ஈடேற்றம்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் அடுக்கும்போது விடைகளை ஒப்பிடுவதாக எண்ணிக்கொள்கிறோம். வினாக்களே வேறுவேறு என்பது மறைந்துவிடுகிறது.

தமிழுக்குச் சமய ஒப்பீடு புதிதன்று. மணிமேகலையில் வஞ்சி நகரத்தில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரும் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கும் காதை, நம் மொழியின் பெருஞ்சிறப்புகளுள் ஒன்று. வேதவாதி, சைவவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி எனப் பலரும் பேச, கதைத்தலைவி பொறுமையோடு கேட்கிறாள். காட்சி அளவையை மட்டும் ஏற்கும் பூதவாதியிடம் மட்டும், உன் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிந்தாய் என்று நகைத்துக் கேட்கிறாள். இவ்வளவு சமயத்தாருக்கும் அவரவர் வாயாலேயே பேச இடமளித்த நேர்மை பாராட்டத்தக்கது. எனினும் நிகண்டவாதி என்னும் சமணர் அங்கே சொல்வது பொருள்களின் பட்டியல்: இயக்கத்துக்கும் நிலைக்கும் துணையாகும் பொருள்கள், காலம், ஆகாயம், உயிர், அணு, இருவினை, அவ்வினையால் வரும் கட்டு, வீடு. அப்பட்டியலில் வீடு கடைசிச் சொல்லாக நிற்கிறது. அதை அடையப் புறப்பட்டவரின் வற்றிய உடல் அதில் இல்லை. திருநாதர்குன்றுக்கு அந்தப் பட்டியலோடு சென்றால் கல் ஊமையாகவே இருக்கும்.

உமாபதி சிவாசாரியாரின் சிவப்பிரகாசத்தில் ஒரு பாட்டு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. பிறர் முத்தி என்று கொள்வனவற்றை ஏறத்தாழப் பத்து வகையாக அது எண்ணிச் செல்கிறது: மகளிர் இன்பமே முத்தி என்பார், ஐந்து கந்தமும் அறுவதே முத்தி என்பார், கல்லைப்போல் கிடப்பதே முத்தி என்பார் என்றவாறு. ஒவ்வொரு கொள்கைக்கும் ஓரிரு சொல்லே தரப்படுகிறது. மனப்பாடத்துக்கு அதைவிடச் செறிவான ஒப்பீடு தமிழில் உண்டா என்பது ஐயமே. ஆனால் ஓரிரு சொல்லில் அடங்கிய கொள்கை ஏற்கெனவே தோற்றுப்போன கொள்கை. அவருக்கு முன்னோடியான அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் எதிர்க்கொள்கையை விரித்துக் கூறிய பின்னரே மறுக்கிறார். பதினான்கு மதங்களை அவ்வாறு எடுத்துக்கொள்கிறார். 13ஆம் நூற்றாண்டில் தமிழ்க் கடற்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்துவந்தபோதும் அப்பதினான்கில் இஸ்லாம் இல்லை என்பது ஒரு புறமிருக்கட்டும். மறுப்பதற்காக விரிப்பவர், மறுப்புக்கு எளிதான பகுதியையே விரிக்க நேர்கிறது என்பதுதான் இம்முறையின் எல்லை. நம் உலமாக்களின் மறுப்பு நூல்கள் பலவற்றுக்கும் இது பொருந்தும்.

இங்கே நமக்குத் துணையாவது அல்பீரூனியின் முறை. ஏறத்தாழ 1030இல் எழுதி முடித்த இந்தியா பற்றிய நூலில், இது வாதத்துக்கான நூலன்று என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறார். விடுதலை பற்றி அதில் ஒரு தனி இயலே உண்டு. உயிர் உலகோடு பிணைக்கப்பட்டதற்குக் காரணம் அறியாமை என்று இந்துக்கள் கருதுவதை அவர்தம் நூல்கொண்டே விளக்குகிறார். ஸூஃபியரின் கூற்றுகளை அருகில் வைக்கிறார். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் தந்தவரும் அவரே. தாம் ஏற்காததையும் அதை ஏற்பவர் ‘ஆம், நாங்கள் சொல்வது இதுதான்’ என்று ஒப்பும் வகையில் எழுதிய பின்பே தம் கருத்துக்கு இடம் தேடுகிறார். சமணம் பற்றி அவரிடம் நமக்குக் கிடைப்பது சொற்பம். ஆகவே முறையை அவரிடமிருந்தும் செய்தியைச் சமணரிடமிருந்தும் கொள்வோம்.

சமணருக்கு வினை என்பது கணக்கேட்டில் எழுதப்படும் குற்றமன்று. உயிரின்மேல் படியும் நுண்பொருள். மன்னிப்பவர் எவரும் இல்லை. மன்னிக்க வேண்டியதும் இல்லை. படிந்ததை உதிர்க்க வேண்டும். உதிர்க்கும் வழி தவம். சல்லேகனை என்னும் உண்ணாநோன்பு அத்தவத்தின் கடைசிப் படி. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம் (அதன் வழிவந்த தமிழ் நூல் அருங்கலச்செப்பு) அதற்கு வரையறை செய்கிறது: தவிர்க்கவியலாத இடையூறு, பஞ்சம், முதுமை, தீராப்பிணி ஆகியவை நேர்ந்தபோது அறத்தைக் காக்கும்பொருட்டு உடலை விடுதல். அந்நோன்பைக் கெடுக்கும் குற்றங்கள் ஐந்தையும் அது சொல்கிறது. இன்னும் வாழவேண்டும் என்ற ஆசை ஒன்று, அஞ்சுதல் ஒன்று, நண்பரை நினைத்து உருகுதல் ஒன்று, இதற்கு ஈடாக மறுபிறவியில் இன்னது கிட்டவேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஒன்று. ஐந்தாவதே நாம் நின்று நோக்கவேண்டியது: விரைவில் சாகவேண்டும் என்ற விருப்பம். சாவை விரும்பினால் நோன்பு பழுதாகிறது.

துன்பம் நேர்ந்ததற்காக எவரும் மரணத்தை விரும்பவேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதை அறிந்த வாசகருக்கு இவ்விடத்தில் ஒரு வியப்பு உண்டாகும். அவ்வியப்பில் மயங்கி ‘இரண்டும் ஒன்றே’ என்று கூறிவிடக் கூடாது. இடைவிடாது நோன்பைத் தொடரும் விஸால் நம் சமுதாயத்துக்குத் தடுக்கப்பட்டது. உடல் நமக்குச் சொந்தமன்று, அமானிதம். நோயும் கவலையும், காலில் தைக்கும் முள்ளும்கூட, முஃமினின் பாவங்களை உதிர்க்கின்றன என்ற நபிமொழி சமணரின் உதிர்ப்புக் கொள்கைக்கு அண்மையது போலத் தோன்றும். ஆனால் அந்த முள்ளை நாம் தேடிச் சென்று குத்திக்கொள்வதில்லை; அது தைத்ததனாலேயே பாவம் தானாக உதிர்வதுமில்லை, உதிர்ப்பவன் அல்லாஹ். எவரையும் அவர் செயல் மட்டும் ஈடேற்றிவிடாது, தம்மையும்கூட அல்லாஹ்வின் அருள் சூழ்ந்தாலன்றி, என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதைச் சந்திரநந்தியிடம் யாரேனும் சொல்லியிருப்பின் அவருக்கு அது விளங்கியிராது. அருள்வதற்கு ஒருவன் வேண்டுமே. தென்னார்க்காட்டு மண் இந்த இடைவெளியை நன்கறியும். திருப்பாதிரிப்புலியூரில் சமணராயிருந்த தருமசேனர் சூலைநோயால் வருந்தித் திருவதிகையில் திருநாவுக்கரசரானார் என்று பெரியபுராணம் கூறும் கதை, முயற்சியை நம்பியவர் அருளை நாடிய கதையே அல்லவா? சைவம் இவ்விடத்தில் சமணத்தைவிட நமக்கு அண்மையில் நிற்கிறது. கடவுளை ஏற்கும் சமயங்களை ஒரு பக்கமும் ஏற்காதவற்றை மறுபக்கமும் வைத்து நோக்கினால் ஈடேற்ற ஒப்பீடு வழக்கமான ‘நாம், அவர்கள்’ பிரிவோடு ஒத்துப்போகாது.

இது ஏட்டுச் செய்தியன்று. 2015 ஆகஸ்ட் 10இல் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் இந்நோன்பைத் தற்கொலையாகக் கருதித் தண்டிக்கத்தக்கது என்றது. அது சமண சமயத்தின் இன்றியமையாத பகுதி என்று நிறுவப்படவில்லை என்றது. அம்மாதம் 31ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. தற்கொலையா என்று கேட்ட மன்றம், சாகும் விருப்பமே நோன்பைக் கெடுக்கும் என்ற விதிக்கு உரிய எடையைத் தரவில்லை என்பது எம் கருத்து. ஒரு சமயத்தின் ‘இன்றியமையாத பகுதி’ எது என்பதை வெளியிலிருந்து அளந்து சொல்லும் இதே கோலால் நம்முடைய நடைமுறைகளும் நீதிமன்றங்களில் அளக்கப்பட்டுள்ளன. நம் ஷரீஅத்தில் அச்செயல் கூடாது என்பதில் ஐயமில்லை. அதனாலேயே செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்து வாழும் தமிழ்ச் சமணரின் நம்பிக்கையைச் சட்டம் தவறாகப் படிக்கும்போது நாம் மகிழவேண்டும் என்பதில்லை.

இனி, அக்குன்றில் கிடந்தவரின் மறுமை என்ன? ஈடேற்றம் எவர்தம் வீண் ஆசைப்படியும் அமைவதன்று, முஸ்லிம்களின் ஆசைப்படியும் அன்று, வேதமுடையோரின் ஆசைப்படியும் அன்று என்ற கருத்தை அல்குர்ஆன் (4:123) உரைக்கிறது. தூதரை அனுப்பாதவரை தண்டிப்பதில்லை என்றும் (17:15) அது அறிவிக்கிறது. சந்திரநந்தி 5, 6ஆம் நூற்றாண்டினர் என்ற கணிப்பு சரியெனில் அவர் நபித்துவத்துக்கு முற்பட்டவர்; நம் அறிஞர் வழக்கில் ஃபத்ராக் காலத்தவர். அத்தகையோர் குற்றம் பிடிக்கப்படமாட்டார் என்பது அஷ்அரிகளின் பொதுக் கருத்து. படைத்தவன் ஒருவன் உளன் என்பதை அறிவைக்கொண்டே அறியலாம் ஆதலின் அதை மறுத்தவருக்கு மன்னிப்பில்லை என்பது மாதுரீதிகள் பலரின் கருத்து. நம் கடற்கரை ஊர்களின் ஷாஃபி மரபு முன்னதையும் உள்நாட்டு ஹனஃபி மரபு பின்னதையும் சார்வன. ஆகவே இந்த ஒருவரைப் பற்றிக் காயல்பட்டினத்து மத்ரஸாவும் வேலூர் மத்ரஸாவும் ஒரே விடை தரவேண்டும் என்ற கட்டாயமில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஃபைஸலுத் தஃப்ரிகாவில் இன்னும் ஒரு படி செல்கிறார்கள். தூதுச்செய்தியே எட்டாதவர் ஒரு சாரார். அதன் உண்மை வடிவம் எட்டியும் புறக்கணித்தவர் ஒரு சாரார். பெயர் எட்டி, அதனோடு திரிக்கப்பட்ட வடிவம் மட்டுமே எட்டியவர் மூன்றாம் சாரார். முதலாம், மூன்றாம் சாராருக்கு அல்லாஹ்வின் அருள் விரியும் என்று அவர்கள் நம்பினார்கள். திருநாதர்குன்றில் இரண்டாவது கல்வெட்டு ஒன்றும் உண்டு. இளைய பட்டாரர் என்பவர் முப்பது நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்தார் என்கிறது அது. அதன் எழுத்து முதலதற்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டது. அதாவது அரபு வணிகர் தமிழ்க் கரைக்கு வந்துபோகத் தொடங்கிய பின்னையது. ஃபத்ராக் காலம் என்ற எளிய விடை அவருக்குப் பொருந்தாது. கடற்கரைக்கு வந்து சேர்ந்த செய்தி செஞ்சிக் குன்றுவரை ஏறிற்றா, ஏறியிருந்தால் எந்த வடிவத்தில் ஏறிற்று, அதை ஏற்றிச் சென்றவர் யார் என்ற வினாக்களை கஸ்ஸாலியின் மூன்று பிரிவுகளோடு வைத்துத்தான் அவரைப் பற்றி ஆராய வேண்டும்.