'வல்லவன்': தற்புகழ்ச்சியும் தகுதியும்

தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது தமிழ்ச் சான்றோர் கொள்கை. பள்ளிகளிலும் மாணவர்க்கு அதனையே கற்பிக்கின்றனர். அவ்வாறிருக்க, 'வல்லவன்' என்று தலைப்பிட்டு ஓர் இசைத்தொகுப்பு வெளிவருமாயின், மூத்தோர் முகஞ்சுளிப்பது இயல்பே. 2006ஆம் ஆண்டில் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய மலேசியத் தமிழர் மூவர் 'யோகி பி – நட்சத்ரா' என்னும் குழுப்பெயரில் வெளியிட்ட முதல் தொகுப்பு அது. ராப் எனப்படும் சொல்லிசையைத் தமிழில் நிலைநாட்டிய முன்னோடிகளுள் அதற்கு இடமுண்டு. எனினும், அதனைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், "இது வெறும் தற்பெருமை, மேலை நாட்டுக் கூச்சல்" என்னும் தீர்ப்பே முந்திக்கொள்கிறது. இத்தீர்ப்பு நேரியதுதானா?

இதற்கு விடை காண வேற்றுநாட்டுத் திறனாய்வு நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. தமிழாசிரியர் அனைவரும் அறிந்த நன்னூலே போதும். தற்புகழ்ச்சியைக் குற்றமெனக் கருதும் மரபில் நின்ற பவணந்தி முனிவர், புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளத் தகும் இடங்கள் நான்கினைப் பாயிரத்தில் வகுத்துள்ளார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதாரிடையே நிற்கும்போது, அவையில் வாதிட்டு வெல்லும்போது, மாற்றார் தன்னைப் பழிக்கும்போது என்பன அவை. முதலாவது இக்காலத்துக்குப் பொருந்தாது. எஞ்சிய மூன்றும் சொல்லிசைக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பது எண்ணத்தக்கது.

சொல்லிசை 1970களில் நியூயார்க் நகரின் ஏழ்மைப் பகுதிகளில் பிறந்தது. உலகம் பொருட்படுத்தாத இளைஞர் தம் ஆற்றலை அறியாதார்முன் பறைசாற்றிய கலை அது. ஒருவர் பழிக்க மற்றொருவர் மறுமொழி தொடுத்து அவையை வெல்லுதல் அதன் மரபு. ஆகவே, தன்னைப் புகழ்தல் அக்கலையில் ஒட்டிக்கொண்ட மாசன்று. அதன் இயல்பே ஆகும்.

தொகுப்பின் புகழ்பெற்ற பாடலாகிய 'மடை திறந்து' இதற்குத் தக்க சான்று. 1980இல் வந்த 'நிழல்கள்' படத்துக்காக வாலி எழுதி, இளையராசா இசையமைக்க, எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாடலின் மறுவடிவம் இது. மூலப்பாடல் படத்தில் யாருக்கு உரியது? வாய்ப்பின்றி அலையும் இளம் இசைக்கலைஞன் ஒருவன், தான் வெற்றி பெறுவதாகக் காணும் கனவுக்கு உரியது. ஆற்றல் உண்டு; அறிவார் இல்லை என்பதே அவன் நிலை. அப்பாடலையே தேர்ந்து, அதன் பல்லவியைத் தாங்கி நிறுத்திக்கொண்டு, இடையிடையே தம் சொற்களைப் பெய்தனர் மலேசிய இளைஞர். பழைய பாட்டைக் கெடுத்துவிட்டனர் என்போர் இப்பொருத்தத்தை நோக்கினாரல்லர்.

ஆனால் தற்புகழ்ச்சிக்கு இடம் வாய்த்தால் மட்டும் போதாது, தகுதியும் வேண்டும். அத்தகுதியை யாப்பால் அளந்து காண்க. ஆங்கிலச் சொல்லிசை பெரிதும் அடியின் இறுதியில் ஒலி ஒத்து வரும் இயைபையே நம்பி நிற்பது. தமிழிலோ இயைபு எளிதில் கிட்டும். வந்தான், சென்றான், கண்டான் என வினைமுற்றுகளை அடுக்கினாலே அடியிறுதி ஒத்துவிடும். எளிதில் கிட்டுவதற்குச் சுவை குறைவு. அதனாலன்றோ நம் புலவர் எதுகையையும் மோனையையும் பெரிதெனக் கொண்டனர்? எனவே தமிழ்ச் சொல்லிசை ஆங்கிலத்தைப் பார்த்து ஒழுகினால் சலிப்பே மிஞ்சும். 'வல்லவன்' சிறக்கும் இடங்கள், வல்லின ஒலிகள் தாளத்தின்மேல் மோதி, குறில்கள் நெருங்கி ஓடும் இடங்களே. தொல்காப்பியர் கூறும் இருபது வண்ணங்களுள் வல்லிசை வண்ணமும் முடுகு வண்ணமும் உள. அருணகிரியாரின் சந்தத்தில் ஊறிய செவிக்கு இவ்விரைவு முற்றிலும் அயலானதன்று.

குறைகளும் இல்லாமல் இல்லை. ஆங்கிலக் கலப்பு மிகுதி. கலைஞர்தம் பெயர்களே அதற்குச் சான்று. விரைவின் வேகத்தில் சொற்கள் தெளிவிழக்கும் இடங்களும் உண்டு. எல்லாவற்றினும் பெரிய குறை ஒன்று: மக்கள் நாவில் நிலைத்தது வாலியின் பல்லவியே, இளைஞர் தாமே இயற்றிய வரிகள் அவ்வாறு நிலைக்கவில்லை. வல்லவன் எனத் தன்னைச் சொல்லிக்கொள்பவன் இரவற்குடையின் கீழ் நெடுநாள் நிற்றல் ஆகாது.

எனினும் இத்தொகுப்பின் பயன் சிறிதன்று. 'பொல்லாதவன்' (2007), 'ஆடுகளம்' (2011) ஆகிய தமிழகப் படங்களில் யோகி பியின் குரல் ஒலித்தது. நெடுங்காலம் தமிழகத்துப் பாட்டைக் கேட்டு வளர்ந்த நாட்டிலிருந்து ஒரு குரல் ஆங்கே சென்றது.

கெடாவில் உள்ளோர்க்கு இது தனிப்பொருள் உடையது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட, மக்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் பெயர்ந்தனர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளை, மலாய் வழிக் கல்விக்குச் செல்கிறான். அதன்பின் தமிழ் அவனுக்கு ஒரு பாடமாகவேனும் நிற்கலாம்; நில்லாமலும் போகலாம். அந்த வயதில் தமிழால் நெஞ்சு நிமிர்த்திப் பேசலாம் என்று அவனுக்குக் காட்டியது எதுவாயினும், அதனை இகழ்ந்து ஒதுக்குதல் அறிவுடைமை ஆகாது.

இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர் இப்பாடலை வகுப்பில் ஒலிக்கச் செய்து, எதுகை எங்கே, மோனை எங்கே, வெறும் இயைபு எங்கே எனத் தேடச் செய்யலாம். குறைகண்ட வரியை அம்மாணவனே திருத்தி எழுதட்டும். யாப்பு தேர்வுக்குரிய செய்தி மட்டுமன்று, தன் நாவுக்குரிய கருவியும் ஆகும் என்பதை அவன் அன்று உணர்வான்.