ஒரே பாடல், இரு இரவுகள்

அரபிசை அன்பர்கள் கூடுமிடத்தில், உம்மு குல்தூமின் ‘அல்-அத்லால்’ ஒலிப்பதிவுகளுள் எது சிறந்தது என்ற வழக்கு எழாமல் இராது. இப்ராஹீம் நாஜியின் கவிதையடிகளுக்கு ரியாள் அஸ்ஸுன்பாதீ இசையமைக்க, 1966இல் கெய்ரோவில் அரங்கேறிய பாடல் அது. 1967 நவம்பரில் பாரிஸ் ஒலிம்பியா அரங்கிலும் பாடப்பெற்றது. இடையே நேர்ந்தது ஜூன் போரின் தோல்வி.

பிழையற்ற பதிவையே நாடுவோர் அவையோரின் ஆரவாரத்தைக் குறையென்பர். நாம் உடன்படோம். கேட்போரின் உருக்கம் கண்டே அவர் ஓரடியைப் பல சாயல்களில் மீட்டும் மீட்டும் பாடினார். அவ்வாரவாரத்தை நீக்கினால் பாட்டில் பாதி போய்விடும். இமாமான தந்தையின் இல்லத்தில் வளர்ந்து, குர்ஆன் ஓதிப் பழகிய நாவின் மக்ரஜ் தூய்மையோ இரு பதிவுகளிலும் மாறவில்லை.

ஒன்றையே தேர்க என்றால், பாரிஸ் இரவையே நாம் தேர்வோம். காதலில் விடுதலை வேண்டும் அடி, ஒரு சமுதாயத்தின் முறையீடாக மாறியதை அங்கே கேட்கிறோம்.